ஏழு கல் வலு

அன்று ஓடையின் சிற்றணை அருகே இருந்தவர்கள் ஐந்து பேர். அணைச் சுவரின் மேல் பட்டத்தி. சுவரடிப் பாறையில் வன்னியப்பன். ஓடை வளைகிற இடத்தில், இரண்டு கம்பங்களுக்கு நடுவே, வலையோடு சொரிமுத்து. கரையில் குடையும் வெற்றிலைப் பையுமாகக் கீழ்க்கரை ஊர்ப் பெரியவர் பலவேசம். மருத மரத்து நிழலில் ஆசிரியை உலகம்மை. பலவேசத்தின் பின்னாலேயே ஒரு நாயும் வந்தது. அது மதியத்தோடு போய்விட்டதால் கணக்கில் சேரவில்லை.

உலகம்மை ஓடுகிற தண்ணீரை அளக்கத் தெரிந்தவள். கரை உடைந்தாலும் மதகு பெயர்ந்தாலும் அந்த வட்டாரத்தில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பட்டத்தி, வன்னியப்பன், சொரிமுத்து மூவரும் அவளிடம் கற்றுக்கொள்ள வந்து, அணைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையில் அவளோடு தங்கியிருந்தார்கள்.

வன்னியப்பன் ஆசிரியையை விடப் பன்னிரண்டு வயது மூத்தவன். இருபது ஆண்டுகள் நெல் மூட்டைகள் அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கியில் காவல் பார்த்தவன். மூன்று திருடர்களைப் பிடித்துக் கொடுத்தவன் என்று பெயர் வாங்கியவன். அவள் அவனை அண்ணாச்சி என்பாள். அவன் அவளை அம்மா என்பான். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு இருவருக்கும் பழகிவிட்டது.

சொரிமுத்து வண்டியையும் மாட்டையும் விற்றுவிட்டு வந்தவன். திரும்பிப் போக அவனுக்கு இடம் கிடையாது. வலது முழங்காலில் வாதம். அதற்குக் காலையும் மாலையும் புன்னை எண்ணெய் தேய்ப்பான். பக்கத்தில் வந்தாலே அந்த வாசனை அடிக்கும்.

பலவேசம் கேட்க வந்தது ஒரே கேள்விதான். மழைக்கு மழை கீழ்க்கரை அரித்துக்கொண்டு போகிறது. இனி வீடுகள்தான் பாக்கி. அணையில் விழுகிற தண்ணீர் தன் வலுவை அணையடியிலேயே விட்டுவிடுகிறதா, அல்லது ஊர்க்கரை வரைக்கும் சுமந்து வருகிறதா? சுமந்து வருகிறது என்றால் அணையடியில் பெரிய பாறைகளைப் போட்டு அதை உடைக்க வேண்டும். வண்டிப் பாதை இல்லாத இடம். கோடை முழுக்க ஆட்கள்தான் உருட்டிக்கொண்டு வர வேண்டும். விட்டுவிடுகிறது என்றால் கோளாறு கரை மண்ணில். வெட்டிவேர் நட்டால் போதும்.

அளக்கிற விதம் எளியது. முழ நீளப் பலகை ஒன்றை ஓடைக்குள் இறக்குவார்கள். தண்ணீர் அதை இழுக்கும். பலகையில் கட்டிய கயிறு கம்பத்தின் தலையில் உள்ள கப்பியில் ஏறி, மறுபக்கம் ஒரு கூடையைத் தூக்கும். கூடையில் ஒரே எடையுள்ள கற்களைப் போட்டுக்கொண்டே வருவார்கள். ஏறாமலும் இறங்காமலும் கூடை எத்தனை கல்லுக்கு நிற்கிறதோ, அத்தனை கல் வலு அந்தத் தண்ணீருக்கு.

ஒரு தரம் பார்த்ததை உலகம்மை ஏற்க மாட்டாள். முப்பது தரம் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு இரண்டு விடை சொல்ல வேண்டும். நடு எவ்வளவு, ஆட்டம் எவ்வளவு. நடுவை மட்டும் சொல்கிறவன் பாதிதான் பார்த்திருக்கிறான் என்பாள்.

சுவரில் வழுக்கி இறங்குகிற இடத்தில் தண்ணீருக்கு ஒன்பது கல் வலு. ஆட்டமே இல்லை. கண்ணாடி மாதிரி இறங்கியது. அதற்கு அடுத்து, நுரை பொங்கிப் புரளுகிற குழியில், கூடை பைத்தியம் பிடித்தது போல் ஆடியது. இரண்டுக்கு வரும், எட்டுக்குப் போகும். நடு ஐந்து, ஆட்டம் ஆறு. அதையும் தாண்டி, ஓடை வளைகிற இடத்தில், சொரிமுத்து சொன்ன கணக்கு இரண்டு கல். ஆட்டம் கொஞ்சம்.

ஒன்பது இறங்குகிறது. இரண்டு வந்து சேருகிறது. ஏழு கல் வலுவைக் காணோம்.

கிட்டங்கியில் ஒன்பது மூட்டை இறங்கி இரண்டு மூட்டை வெளியே வந்தால் அதற்கு என்ன பெயர் என்று வன்னியப்பனுக்குத் தெரியும்.

அதோடு போகவில்லை. தண்ணீர் ஒழுங்காக வருகிறதா கலங்கி வருகிறதா என்று பார்க்கப் புன்னைக்காய்களை மேலிருந்து விடுவது வழக்கம். கொத்தாகப் போட்ட காய் கொத்தாகவே வந்தால் ஓட்டம் ஒழுங்கு. சிதறி வந்தால் கலக்கம். முந்தின வாரமே காய்கள் குறைந்தன. புன்னைக்காய் என்றால் எண்ணெய். எண்ணெய் என்றால் யாருடைய முழங்கால் என்பதை ஆராய வேண்டியதே இல்லை.

எனவே இந்தத் தடவை வன்னியப்பன் யாருக்கும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தான். முந்நூறு காய்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றின் காம்படியிலும் கத்தி முனையால் ஒரு கீறல் போட்டான். கிட்டங்கியில் எந்தச் சரக்கு வந்தாலும் மாதிரிக்கு ஒரு பிடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். பிறகு சந்தேகம் வந்தால் அதோடு ஒத்துப் பார்ப்பார்கள். அந்த இருபது வருடப் பழக்கம் அவனை விட்டுப் போகவில்லை. கீறிய காய்களை நூறு நூறாக மூன்று பைகளில் கட்டிக் காலையில் பட்டத்தியிடம் கொடுத்தான். ஒன்பது கல்லோடு இருந்த கூடையை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு பாறைக்கு இறங்கினான்.

“கல்லு சிரிக்குது பாருங்க, அண்ணாச்சி தூக்கிட்டாருன்னு,” என்றாள் பட்டத்தி. அவள் முன்பு மீன் விற்றவள். வாய் சும்மா இருக்காது.

முதல் பை விட்டார்கள். வலையில் எண்பத்தெட்டு. இரண்டாவது பை. வலையில் எண்பத்தாறு.

“எலே, மீதி எங்கலே?” என்று வன்னியப்பன் பாறையிலிருந்து கேட்டான்.

“வந்தது இவ்வளவுதான் அண்ணாச்சி.”

“நூறு போனா நூறு வரணும்லா?”

“வரணும்தான். வரலையே.”

அந்த நிதானம் வன்னியப்பனுக்குப் பிடிக்கவில்லை. களவு தெரிந்தவன்தான் கத்த மாட்டான் என்பது அவனுடைய அனுபவம். அதற்குப் பிறகு அவன் கண் கூடையில் இல்லை. சொரிமுத்து குனிந்தால் இவன் எழுந்தான். அவன் திரும்பினால் இவன் கழுத்தை நீட்டினான். கயிற்றைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. மதியம் பட்டத்தி கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். கஞ்சிக்குக் குனிந்தால் வளைவு மறைந்துவிடும். எனவே குடிக்கவில்லை. நாய் வந்து மோந்து பார்த்துவிட்டு அதைக் காலி செய்தது. அதன் பிறகுதான் அது போனது.

சொரிமுத்துவின் கை ஒரு தரம் மடிக்குப் போயிற்று. வன்னியப்பன் அதைப் பார்த்தான். உடனே எழுந்து மருத மரத்தடிக்குப் போனான். பார்வையை மட்டும் அங்கேயே விட்டுவிட்டுப் போனான்.

சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னான். காய் குறைவது. எண்ணெய் வாசனை. மடிக்குப் போன கை. காயில் பொய் சொல்கிறவன் கல்லிலும் பொய் சொல்வான். ஒன்பது என்று சொன்னால் கோடை முழுக்கப் பாறை உருட்ட வேண்டும், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு. இரண்டு என்று சொல்லிவிட்டால் உட்கார்ந்திருக்கலாம். இவன் சோம்பலுக்குக் கீழ்க்கரை வீடுகள் போக வேண்டுமா?

பலவேசம் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

உலகம்மை கயிற்றுக்கு முறுக்கேற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“மடிக்குக் கை போனதை எத்தனை தரம் பார்த்தீங்க அண்ணாச்சி?”

“ஒரு தரம்.”

“ஆட்டம் எவ்வளவு?”

அவன் வளைவின் பக்கம் திரும்பிக்கொண்டான். மனிதனைப் பார்ப்பதும் தண்ணீரைப் பார்ப்பதும் ஒன்றா என்று நினைத்துக்கொண்டான்.

“சரி,” என்றாள் அவள். “காயை யாரு வச்சிருக்காங்களோ அவங்க இன்னைக்கே இங்கேயிருந்து போகட்டும்.”

எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். சொரிமுத்துவுக்கும் கேட்டது. அவன் வலையை ஒரு தரம் உதறிவிட்டு மறுபடியும் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் வாடிப்போயிருந்தது. பயத்தில்தான் வாடுகிறது என்று வன்னியப்பனுக்குப் பட்டது.

மூன்றாவது பையை அவிழ்த்த பட்டத்தி, எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்று குறைகிறது என்றாள்.

“மீன்காரி எண்ணிக்கை என்னைக்குமே ஒண்ணு குறைச்சல்தான்,” என்றான் வன்னியப்பன். “விடு தாயி.”

விட்டாள். வலையில் எண்பத்தாறு.

ஆக முந்நூறில் இருநூற்று அறுபது வந்தது. நாற்பது காணோம்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. உலகம்மை எழுந்து வந்து பாறையின் ஓரத்தில் நின்றாள். நுரைக் குழியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, மேல் வாய்க்காலைத் திறந்துவிட்டு அணை வாயைப் பலகை போட்டு அடைக்கச் சொன்னாள். பட்டத்தியும் சொரிமுத்துவும் அடைத்தார்கள். சொரிமுத்து மேலே ஏறிப்போகையில் வன்னியப்பன் அவனுடைய மடியையே பார்த்துக்கொண்டிருந்தான். புடைப்பாகத்தான் இருந்தது.

தண்ணீர் விழுவது நின்றது. அத்தனை நாளும் காதிலேயே இருந்த இரைச்சல் போனதும், ஒருவர் மூச்சு ஒருவருக்குக் கேட்டது. நுரை வெடித்து வெடித்து அடங்கியது. குழி கருப்பாகத் தெளிந்தது.

முதலில் ஒரு காய் மிதந்தது. பிறகு இரண்டு. பிறகு கொத்தாக. காலையிலிருந்து அந்த இடத்தை விட்டு எங்கும் போகாமல், நுரைக்குள் மேலும் கீழும் புரண்டுகொண்டே இருந்தவை, மினுமினுத்துக்கொண்டு மேலே வந்தன.

வன்னியப்பன் இறங்கினான். யாரும் சொல்லவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் காம்படியைத் திருப்பிப் பார்த்தான். கீறல் இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. எல்லாவற்றிலும் அவனுடைய கத்தியின் கீறல்தான். இரண்டு தரம் எண்ணினான்.

“முப்பத்தொன்பது,” என்றான். “ஒண்ணு குறையுது.”

சொன்னவன் பார்வை நேரே சொரிமுத்துவின் மேல் விழுந்தது. பலவேசத்தின் பார்வையும் அவன் மேல் விழுந்தது.

சொரிமுத்து மடியை அவிழ்த்துக் காட்டினான். பொரிகடலை. அதுவும் ஒரு கை அளவுதான்.

“மதியத்துலே வலையை விட்டுட்டுக் கஞ்சிக்கு வந்தா, காய் போயிடும்னு நீங்க சொல்வீங்க,” என்றான். “அதான் அண்ணாச்சி.”

“அப்பவே ஒண்ணு குறைச்சல்னு சொன்னேனே,” என்றாள் பட்டத்தி, அணை மேலிருந்து. “மீன்காரி பேச்சு யாரு கேக்கா?”

உலகம்மை வன்னியப்பனைப் பார்த்தாள்.

“கிட்டங்கியிலே மாதிரிக்கு ஒரு பிடி எடுத்தா அதை எங்கே வைப்பீங்க?”

அவன் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. வேட்டி மடிப்பில் கட்டையாக ஒன்று தட்டியது. எடுத்துப் பார்த்தான். புன்னைக்காய். காம்படியில் கீறல்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பட்டத்தி கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“காயை வச்சிருக்கிறவங்க போகணும்னு சொன்னீங்கம்மா,” என்றான்.

“சொன்னேன்.”

அவள் அணையின் பக்கம் திரும்பினாள். பலகையை எடுத்துவிடச் சொன்னாள். தண்ணீர் மறுபடியும் விழுந்தது. நுரை மறுபடியும் பொங்கியது. பலவேசத்திடம், நீங்களே போய் வளைவிலுள்ள கூடையைப் பாருங்கள் என்றாள். அவர் குடையை ஊன்றிக்கொண்டு வளைவுக்குப் போனார். முப்பது தரம் பார்த்தாரா என்று தெரியாது. நெடுநேரம் நின்றார்.

வன்னியப்பன் பாறையில் உட்கார்ந்திருந்தான். ஈர வேட்டி காலோடு ஒட்டியிருந்தது. காயைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை, மடியில் வைக்கவும் தோன்றவில்லை.

பலவேசம் திரும்பி வந்தார்.

“ரெண்டுதான். அந்தத் தம்பி சொன்னது சரி. ஆட்டமும் இருக்கு, கொஞ்சம் போல.” குடைக்காம்பைத் தடவிக்கொண்டே நின்றார். அவருக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. “காணாமப் போன காயெல்லாம் கிடைச்சுட்டு தாயி. அந்த ஏழு கல்லு கிடைக்கலையே. காய் மாதிரி அதுவும் உள்ளேயே கிடந்து, என்னைக்காவது ஒருநாள் மொத்தமா எங்க கரைக்கு வந்தா?”

வன்னியப்பன் தலை நிமிர்ந்தான். காலையிலிருந்து அவன் நெஞ்சில் இருந்ததும் அந்த ஏழு கல்தான். யார் எடுத்தது என்று மட்டும் தெரிந்துவிட்டால் போதும், போய்விடலாம் என்று இருந்தது.

உலகம்மை அவனருகே வந்தாள்.

“போறீங்களா அண்ணாச்சி?”

“போறேன்.”

“கூடையைக் கொட்டகையிலே வச்சுட்டுப் போங்க. நீங்க கொண்டு வந்தது.”

ஒன்பது கல்லோடு கூடை பாறை மேல் இருந்தது. வன்னியப்பன் எழுந்து, காலையில் பிடித்த அதே கையால் அதன் காதைப் பிடித்தான். கூடை அசையவில்லை. கால் ஊன்றி இழுத்தான். அப்போதும் கூடை எழும்பவில்லை.

உலகம்மை குனிந்து ஒரு கல்லை எடுத்து வெளியே வைத்தாள். காத்திருந்தாள்.

அவன் இழுத்தான். வரவில்லை.

இன்னொரு கல்லை எடுத்தாள். காத்திருந்தாள். இன்னொன்று. அவனுக்கு முகம் வியர்த்தது. சொரிமுத்து ஓரடி முன்னால் வந்தான். அவள் கை காட்டி அவனை நிறுத்தினாள். நான்காவதை எடுத்தாள். கூடை ஒரு பக்கம் தூக்கி மறுபடியும் அமர்ந்தது. ஐந்தாவது. ஆறாவதையும் எடுத்து வரிசையில் வைத்தபோது கூடை பாறையை விட்டு எழும்பியது.

அவன் அதைத் தூக்கியபடி நின்றான்.

“இன்னைக்கு எங்கே போனீங்க அண்ணாச்சி?”

“எங்கேயும் போகலையே. இந்தப் பாறையிலேதான் இருந்தேன்.”

“எதையாவது சுமந்தீங்களா?”

“இல்லை.”

அவள் பாறை மேல் வரிசையாக இருந்த ஆறு கற்களைக் காட்டினாள்.

“இந்த ஆறையும் யாரு எடுத்தா?”

வன்னியப்பன் கற்களைப் பார்த்தான். சொரிமுத்துவைப் பார்த்தான். பிறகு குழியைப் பார்த்தான். அங்கே மேலிருந்து வந்த தண்ணீர், ஏற்கெனவே வந்த தண்ணீரின் மேல் விழுந்து, புரண்டு, திரும்பி, மறுபடியும் தன் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டிப் போன தண்ணீர் வலுவையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் போனது.

அவன் கையிலிருந்த காயைக் கூடைக்குள் போட்டான். கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினான். மீந்த கற்களைப் பட்டத்தி மூன்றும் சொரிமுத்து மூன்றுமாக எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனார்கள்.

பலவேசம் குடையை மடக்கினார். வெட்டிவேர் நாற்று எங்கே கிடைக்கும் என்று உலகம்மையிடம் கேட்டுக்கொண்டு, வந்த வழியே தனியாக ஊருக்குப் போனார்.

கொட்டகையில் அன்று மாலை கஞ்சி ஊற்றியபோது பட்டத்தி கலயங்களை எண்ணி வைத்தாள். நான்கு.